இருட்டில் நின்ற லாரி: அண்ணனின் விபத்து வழக்கில் நான் தெரிந்துகொண்டவை

அண்ணன் இறந்த விபத்தின் முதல் தகவல் அறிக்கை என் கைக்கு வந்தது காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான். புகார் கொடுத்தவர் லாரி டிரைவர். குற்றம் சாட்டப்பட்டவர் அண்ணன் வந்த வாடகைக் காரின் டிரைவர். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த லாரியின் பின்புறம் மோதி" என்று வழக்கமான வாசகம். லாரியின் பாதி உடம்பு இடது தடத்துக்குள் நின்றது பற்றியோ, அதில் ஒரு விளக்குகூட எரியாதது பற்றியோ ஒரு வரி இல்லை. அந்த ஒரு பக்கத் தாளை மாற்றுவதற்கு மூன்று வருடங்களுக்கு மேல் ஆனது. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் சொந்தத்தில் வக்கீலும் இல்லை, போலீஸும் இல்லை. அண்ணி இரண்டு பிள்ளைகளோடு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார், அம்மாவுக்கு நடக்கவே முடியாது. அதனால் ஸ்டேஷன், மருத்துவமனை, கோர்ட் எல்லாமே என் தலையில் விழுந்தது. அப்போது யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்தது 2022-இல், திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில், அதிகாலை மூன்று மணிவாக்கில். அண்ணன் முன்சீட்டில் இடதுபக்கம் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறான். கடைசி நொடியில் லாரியைப் பார்த்த டிரைவர் வலதுபக்கம் ஒடித்திருக்கிறார். அதனால் காரின் இடது முனை லாரியின் பின்புற மூலைக்கு அடியில் புகுந்துவிட்டது. டிரைவர் கால்கள் முறிந்து நினைவில்லாமல் கிடந்தார், அண்ணனுக்குத் தலையில் அடி. பேசும் நிலையில் அங்கே இருந்தது லாரி டிரைவர் ஒருவர்தான். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். இப்படிப்பட்ட விபத்துகளில் முதல் அறிக்கை எப்படி அமையும் என்பது பல சமயம் யாருக்கு நினைவு தப்பவில்லை என்பதைப் பொறுத்தது. அதனால் மருத்துவமனையில் நிற்கும் கூட்டத்திலிருந்து ஒருவரை உடனே ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள். உங்கள் தரப்பை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். அறிக்கை ஏற்கெனவே பதிவாகியிருந்தாலும் அந்த மனு கோப்பில் சேரும். பிற்பாடு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் அதற்கு மதிப்பு உண்டு.

மருத்துவச் செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 108 ஆம்புலன்ஸ் அண்ணனை அருகில் இருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து நாங்கள் தனியாருக்கு மாற்றினோம். சில நாட்களில் அண்ணன் போய்விட்டான். பில் நான்கு லட்சத்தைத் தொட்டது, அண்ணியின் நகையும் என் நகையும் அடகுக்குப் போயின. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் 2021 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், தனியார் உட்பட, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எங்களிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் திட்டமும் வந்திருக்கிறது: ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை. சேர்க்கும்போதே கேளுங்கள். ஒவ்வொரு பில்லின் அசலையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். மருந்துக் கடைச் சீட்டில் மை ஒரே வருடத்தில் அழிந்துவிடும், அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

பிணவறை வாசலில் ஒருவர் வந்து தோளைத் தட்டினார். "கவலைப்படாதீங்கம்மா, கேஸை நாங்க பார்த்துக்குறோம், ஒரு பைசா வேண்டாம், வர்றதுல கால் பங்கு" என்றார். கையில் நிரப்பாத வக்காலத்துப் படிவம், அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள். அங்கே நிற்கிறவர்களுக்குக் கையெழுத்து போடுவது பெரிய விஷயமாகவே தோன்றாது. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கான விதிப்படியே கூடாத காரியம் என்று பின்னால்தான் தெரிந்தது. நான் போடவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை, என் கையில் அன்று பேனாவே நிற்கவில்லை. இன்னும் சில நாட்கள் கழித்து இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து விசாரணைக்காரர் வீட்டுக்கு வருவார், மிக அன்பாகப் பேசுவார். படித்துப் பார்க்காமல் அவர் எழுதிய எதிலும் கையெழுத்து வேண்டாம்.

இப்போது அந்த லாரிக்கு வருகிறேன். விடிந்ததும் கிரேன் வந்து அதை ஓரத்துக்கு இழுத்துவிட்டது. நாங்கள் போனபோது ரோட்டில் கண்ணாடித் தூள் மட்டும் கிடந்தது. லாரி எங்கே நின்றது, பின்விளக்கு எரிந்ததா, ஒளிரும் பட்டை இருந்ததா, முக்கோணப் பலகை வைத்தார்களா என்பதற்கெல்லாம் ஆதாரம் அந்தச் சில மணி நேரத்தோடு போய்விட்டது. டோல்கேட்டுக்கு எழுதிக் கேட்டபோது கேமராப் பதிவு அழிந்திருந்தது. எங்களைக் காப்பாற்றியது உள்ளூர் நிருபர் ஒருவர் செல்போனில் எடுத்த படங்கள். பத்திரிகையில் வந்தது சின்னச் செய்திதான், ஆனால் அவரிடம் அச்சில் வராத படங்கள் நிறைய இருந்தன. ஒன்றில் லாரியின் பின்பக்கம் முழுதாகத் தெரிந்தது. தடத்தைப் பிரிக்கும் வெள்ளைக் கோடும் லாரியின் சக்கரமும் ஒரே படத்தில் இருந்தன. விபத்து நடந்த அன்றே யாரையாவது அனுப்பி லாரியின் பின்புறம், இரண்டு பக்கம், நம்பர் பிளேட், சாலைக் கோடு, மைல்கல் எல்லாவற்றையும் படமெடுக்கச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர், நெடுஞ்சாலை ரோந்து வண்டிக்காரர், டீக்கடைக்காரர், நிருபர் இவர்களிடம் கேளுங்கள். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி டோல்கேட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அதே வாரம் எழுத்தில் கொடுங்கள்.

"டிரைவர் தூங்கியிருப்பான்" என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் அந்த டிரைவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அவர் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த பிறகு போய்ப் பார்த்தேன். "அக்கா, சத்தியமா தெரியல. எதிர் லைட்டு கண்ணுல அடிச்சுச்சு, அது போனதும் முன்னால சுவரு மாதிரி நின்னுச்சு" என்றார். அதற்குப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், என் தொழிலே அதுதானே. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடிக்கு 25 மீட்டர் ஓடும். கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 37 மீட்டர் போய்விட்டது. அப்புறம் நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றாலும் நிற்க இன்னும் 45 மீட்டர் ஆகும். மொத்தம் 80-க்கு மேல். டிம் லைட் தெளிவாகக் காட்டுவது 40, 50 மீட்டர்தான். வெளிச்சம் இல்லாத ஒரு பொருள் முன்னால் நின்றால், விழித்திருந்தாலும் தப்ப முடியாது. 60-இல் போனால் ஏறக்குறைய 45 மீட்டரில் நிற்கலாம். ஆகவே வேகத்துக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாரியின் பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை ஒழுங்காக இருந்திருந்தால் அந்த டிம் லைட்டிலேயே நூறு மீட்டருக்கு மேல் தூரத்திலிருந்து மின்னியிருக்கும். சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 71 சதவீதம் பேரின் மரணத்துக்கு அதிவேகம்தான் காரணம் என்று அந்த அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணை இப்போது பார்க்கும்போது எனக்கு ஸ்டேஷனில் பார்த்த வாசகம்தான் நினைவுக்கு வருகிறது. அண்ணனும் அந்த 71-க்குள்தான் எங்கோ இருப்பான். விளக்கில்லாத லாரி, உடைந்த பின் கம்பி, நிறுத்த இடமில்லாத சாலை, சரியான தூக்கமில்லாத டிரைவர் என்று நான்கைந்து காரணங்கள் சேர்ந்து ஒரு உயிர் போகிறது. அறிக்கையில் ஏறுவது ஒன்றுதான்.

பின் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் மோதினால் அடியில் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக லாரியின் பின்னால் தாழ்வாக ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஐஎஸ் 14812 என்று அதற்குத் தரநிர்ணயமே இருக்கிறது. தரையிலிருந்து அதன் அடிப்பகுதி 55 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, மோதலைத் தாங்கவும் வேண்டும். காரின் முன்பகுதி அடியை வாங்கி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் தடுப்பு இல்லாத லாரியில் முன்பகுதி அடியில் நழுவிப் போய்விடும். முதல் அடி கண்ணாடி உயரத்தில், நேராகத் தலையில். காற்றுப்பை, சீட் பெல்ட் எல்லாம் அங்கே பெரிதாக உதவாது. அண்ணன் பெல்ட் போட்டிருந்தான். அந்த லாரியில் இருந்தது துருப்பிடித்த ஒரு குழாய், அதுவும் ஒருபக்கம் பற்றவைப்பு விட்டுத் தொங்கியது, நிருபரின் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் பிரேக் நன்றாக இருந்தது, விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல என்று முடித்திருந்தார்கள். பட்டை, பின்விளக்கு, பின் தடுப்பு பற்றி எதுவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவர்களும் எழுதவில்லை. வண்டியை ஆய்வுக்கு அனுப்பும் முன்பே, இந்த மூன்றையும் குறிப்பாகப் பார்த்து எழுதும்படி விசாரணை அதிகாரிக்கு மனு கொடுங்கள். நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரிலும் வரைபடத்திலும் லாரி நின்ற இடம் தடத்துக்குள்ளா வெளியிலா என்று மீட்டர் கணக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

லாரிக்காரர்கள் பக்கம் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு லாரி ஸ்டாண்டில் போய்ப் பேசினேன். முதலில் யாரும் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு பெரியவர் டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். முன்பெல்லாம் வண்டிக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். இப்போது பெரும்பாலும் ஒரே ஆள். வண்டி நின்றால் பின்னால் போய்க் கைகாட்ட ஆள் இல்லை. முக்கோணப் பலகைக்குப் பதில் கல்லும் மரக்கிளையும் வைப்பார்கள், கிளம்பும்போது கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், அது அடுத்த பைக்காரருக்கு எமன். எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது மட்டும் பட்டை ஒட்டுவதும் உண்டு. பிரேக்டவுன் என்றால் மெக்கானிக் வரும்வரை அதே இடம்தான். தூக்கம் வந்தால் நிறுத்துவதற்குரிய லாரி நிறுத்துமிடங்கள் போதாது, ஆளில்லாத இடத்தில் போட்டால் டீசல் திருட்டு. "சட்டத்துல எட்டு மணி நேரம்னு இருக்கும்மா, லோடு ஏத்துறவன் நேரம்தான் எங்க நேரம்" என்றார். அவர் சொன்னது சரி. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று எப்போதோ எழுதிவிட்டார்கள். சரக்கு போய்ச் சேரும் நேரத்துக்குக் காசு கட்டியிருக்கும்போது அதை யார் பார்க்கிறார்கள்? தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற கதையும் இதே ரகம்தான். கியர் பிடித்து நிறுத்த வேண்டிய எடையை பிரேக் மட்டுமே தாங்கி, சூடேறிப் பிடிக்காமல் போகும். அந்த லாரி டிரைவர் மேல் எனக்கிருந்த கோபம் அன்று கொஞ்சம் இடம் மாறி லாரி முதலாளி மேலும் சரக்கு அனுப்பியவர் மேலும் போனது.

இனி இழப்பீடு. மனு கொடுக்க விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் கெடு வைத்திருக்கிறார்கள். ஊரில் பலரும் "அதுக்கெல்லாம் கெடுவே இல்லை, ஆற அமரப் போடலாம்" என்று சொன்னார்கள், அது பழைய நிலை. 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுப்ப வேண்டும். பத்து நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை ஒரு படிவத்தில் நமக்கும் தர வேண்டும். அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். மோதிவிட்டு ஓடிய வண்டி அகப்படவே இல்லை என்றால் மரணத்துக்கு இரண்டு லட்சம் மட்டும்தான், அதனால் நம்பர் பிளேட் படம் அவ்வளவு முக்கியம்.

நான் பார்த்த முதல் வக்கீல், போலீஸ் அறிக்கை கார் டிரைவர் மேல் இருப்பதால் காரின் இன்சூரன்ஸ் மேல் மட்டும் போடுவோம் என்றார். இரண்டாவதாகப் பார்த்த வக்கீல் அம்மா வேறு மாதிரி சொன்னார். அண்ணன் பயணி, வண்டியை ஓட்டவில்லை, அவன் பங்குக்குத் தவறு என்று எதையும் கழிக்க முடியாது. இரண்டு வண்டிகளின் தவறும் சேர்ந்த விபத்தில் முழுத் தொகையையும் யாரிடமிருந்தும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கெய்னி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் இரண்டு உரிமையாளர்கள், இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகள் நான்கு பேரையும் சேர்த்தோம். கார் மஞ்சள் போர்டு வண்டி, அதாவது வாடகைக்கு ஓட்டவே பதிவு செய்தது, பயணிக்கும் சேர்த்துக் காப்பீடு இருந்தது. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஏறினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே சாக்காக வைத்து வருடக்கணக்கில் இழுக்கும். உங்கள் சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டாருக்கு அதில் ஒன்றும் வராது. இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

எனக்கு இன்றும் ஆறாதது சம்பளக் கணக்கு. அண்ணனுக்கு மாதம் 40,000. அதில் 28,000 பேங்கில் வரும், 12,000 கவரில் வரும். இழப்பீட்டுக் கணக்கு இப்படி: நிரந்தர வேலை, வயது 41 என்பதால் வருங்கால உயர்வுக்கு 30 சதவீதம் கூட்ட வேண்டும். அவனை நம்பி நான்கு பேர் இருந்ததால் சொந்தச் செலவுக்கு கால் பங்கு கழிக்க வேண்டும். பன்னிரண்டால் பெருக்கி, 41 முதல் 45 வயதுக்கான பெருக்கெண் 14-ஆல் பெருக்க வேண்டும். 40,000-க்குப் போட்டால் 65,52,000. 28,000-க்குப் போட்டால் 45,86,400. கவரில் வந்த சம்பளத்துக்குக் கம்பெனி மேலாளர் சாட்சி சொல்ல வந்தார், ஆனால் கணக்குப் புத்தகத்தில் இல்லாததைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பிடித்தம் மிச்சம் என்று கவரில் வாங்குகிறவர்கள் வீட்டில் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். எங்களுக்கு அதில் போனது ஏறக்குறைய 20 லட்சம்.

விசாரணையில் லாரி டிரைவரைக் கூண்டில் ஏற்றி நிருபரின் படத்தைக் காட்டியபோது, வயரிங் எரிந்து பேட்டரி செத்துவிட்டது, முக்கோணப் பலகை வண்டியில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். நிருபரும் வந்து படம் எடுத்தது தான்தான் என்று சாட்சி சொன்னார். நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் 22 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளச் சொல்லி நெருக்கினார்கள். நகை வட்டி ஏறிக்கொண்டிருந்த நேரம், அண்ணி சரி என்று சொல்லிவிடும் நிலையில்தான் இருந்தார். தீர்ப்பு லாரிக்கு 60, காருக்கு 40 என்று தவறைப் பிரித்தது. மருத்துவச் செலவு, மற்றவை எல்லாம் சேர்த்து 51 லட்சத்துக்குச் சற்று மேல், மனு போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டியோடு. அலைச்சல், சம்பளமில்லா விடுப்பு, நகை வட்டி, வக்கீல் கட்டணம் என்று இடையில் கரைந்தது ஐந்தாறு லட்சம் இருக்கும்.

பயணத்தில் நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். நள்ளிரவு இரண்டிலிருந்து ஐந்து மணி வரை நெடுஞ்சாலையில் இருப்பதில்லை. இரவில் இடது தடத்தில் வேகமாகப் போக டிரைவரை விடுவதில்லை, நின்ற லாரியும் ஊர்ந்து போகும் ஓவர்லோடு லாரியும் அங்கேதான் இருக்கும். விளக்கில்லாத வண்டி நிற்பதைப் பார்த்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்குப் போன் செய்து கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்கிறேன். ஒருமுறை திரும்பி வரும்போது அந்த வண்டிக்குப் பின்னால் கூம்புகள் வைத்திருந்தார்கள். சிலமுறை எதுவும் நடக்கவில்லை.

பணம் வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகளின் பங்கை அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை தேசிய வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வார்கள். வட்டியை மட்டும் தாய் எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் உத்தரவில் வரி இருக்க வேண்டும், வக்கீலிடம் முன்பே சொல்லி வையுங்கள். இழப்பீட்டுக்கான வட்டியில் அப்போது வருமான வரி பிடித்தார்கள், பேன் கார்டு இல்லாவிட்டால் கூடுதலாகப் பிடித்தார்கள். அண்ணியின் பேன் கார்டில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல் இருந்தது, ஆதாரில் வேறு, பேங்கில் வேறு. அதைச் சரிசெய்து வரும்வரை காசோலை கிளார்க்கின் மேஜையிலேயே கிடந்தது. மனு போடும் வாரத்திலேயே எல்லாருடைய பெயரையும் மூன்று இடத்திலும் ஒன்றாக்கி வைத்துவிடுங்கள்.